திற என்றால் திறக்க வேண்டும்

"இந்தக் கால் சரியா வரணும்னா, என் நல்ல காலை வெட்டிட்டு வரட்டுமா?"

கேட்டது ஒரு தபால்காரம்மா. இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி போட்ட பாதையின் நடுவில் நின்று கேட்டாள். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் புதுக் காலைக் கைக்குழந்தையைப்போல் இடுக்கியிருந்தாள். செயற்கைக் கால் செய்கிற அந்தப் பட்டறையில் எல்லோரும் கைவேலையை விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது இடது கால். செய்து வைத்திருந்ததோ வலது கால். அதன் பெருவிரல் வெளிப்பக்கம் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

முட்டிபோட்டு உட்கார்ந்திருந்த அளவுக்காரம்மா எழுந்தாள். காலை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்கு முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் வரும். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகவே வந்தன.

"கடைசல்ல கண்ணை எங்க வச்சுக்கிட்டு வேலை பாக்குறாங்க? நான் கொடுத்தது ஒண்ணு. இது ரெண்டு!"

இந்த ஒண்ணும் ரெண்டும் வெளி ஆளுக்குப் புரியாது. அந்தப் பட்டறையில் இடது, வலது என்று யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எதிரே நிற்பவருடைய இடது நமக்கு வலது. அவர் திரும்பி நின்றால் எல்லாம் மாறிப்போகும். 'யாரோட இடது?' என்று கேட்டுக் கேட்டே நொந்துபோன பழைய முதலாளி, இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ரெண்டு என்று பெயர் வைத்துவிட்டார். கடைசல் இயந்திரத்திலும் இரண்டு மேடை. ஒண்ணு முதல் மேடைக்கு, ரெண்டு இரண்டாம் மேடைக்கு. எந்தக் காலானாலும் இடது காலாகத்தான் படம் வரைவார்கள். இரண்டாம் மேடையில் ஏற்றினால் இயந்திரமே அதைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்கிவிடும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. ஒண்ணு என்றால் ஃபைலுக்கு ஆளின் பெயர் மட்டும். ரெண்டு என்றால் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு 2. முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வைத்த வழக்கம் அப்படியே இருந்தது.

அளவுக்காரம்மாவுக்கும் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். வெட்டுப்பட்ட காலின் மிச்சத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நொடி கண்ணை மூடுவாள். ஆண்டவனிடம் என்ன கேட்பாளோ தெரியாது. பிறகு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுவாள். வலியில் அழுகிறவர்களை அவள் ஒரு சொல் சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் திட்டுவாள். நிற்காமல் போன பேருந்தை, சொட்டுகிற குழாயை, திருகினால் திறக்காத டப்பா மூடியை. 'அளவுக்காரம்மா திட்டாத நாள்ல எடுத்த அளவு சரியா வராது' என்று கடைசல்காரர் கேலி செய்வார். அவரும் அவளும் அந்தப் பட்டறையில் ஒன்றாகவே தலை நரைத்தவர்கள்.

அளவை எடுத்து, கம்ப்யூட்டரில் காலைப் படமாக வரைந்து வைப்பது அவள் வேலை. காயம் ஆற ஆற மிச்சக் கால் வற்றிச் சுருங்கும். அதனால் கடைசலுக்குப் போகும் முன் மறுபடி அளந்து படத்தைத் திருத்த வேண்டும். பின்கொட்டகையில் இருக்கிற கடைசல்காரர் அந்தப் படத்தைத் தன் இயந்திரத்தில் ஏற்றிச் செதுக்குவார். எல்லாப் படங்களும் பொதுவான ஒரு பெட்டிக்குள் கிடக்கும். ஒரு ஃபைலைத் தேடுவதற்குள் உயிர் போய்விடும். அதைச் சுலபமாக்கத்தான் அவளுடைய தம்பி வந்தான். தாயில்லாத வீட்டில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. கம்ப்யூட்டர் படித்தவன். அவள்தான் மேலாளரிடம் சொல்லி அவனை அங்கே சேர்த்துவிட்டாள்.

அவன் ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்தான். பிரவுசரைத் திறந்தால் ஆட்களின் பெயர் வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நீல எழுத்தில் 'திற' என்று இருக்கும். அமுக்கினால் போதும் என்றான். 'என் தம்பி பண்ணினது' என்று அவள் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் காட்டினாள். மேலாளரும் பெரிய ஆட்கள் பார்க்க வந்தபோது அதைத்தான் முதலில் காட்டினார்.

ஆனால் அந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து ஒரு தொல்லை. அவள் சுருக்கித் திருத்திய கால்களெல்லாம் தொளதொளவென்றே வந்தன. போட்டவர்கள் உரசுகிறது, புண்ணாகிறது என்று திரும்பி வந்தார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. 'நான் திருத்தினதை அவர் செதுக்குறதே இல்லை. பழசையே செதுக்கித் தள்ளுறாரு' என்று மேலாளர் காதில் போட்டாள். ஒரு தடவை அல்ல. வாய்க்கு வந்தபோதெல்லாம் போட்டாள்.

இப்போது இந்தத் தலைகீழ்க் கால்.

தபால்காரம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் மேலாளர் அறைக்குப் போனாள். அவருக்கு முன்பே சேதி போயிருந்தது.

"முடிச்சுட்டேம்மா. நாளையிலேர்ந்து கடைசல்காரர் வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

"என்ன சார் சொல்றீங்க? ஒரு தப்புக்கா?"

"ஒரு தப்பா? மாசக்கணக்கா நீங்கதானே சொல்லிட்டு இருந்தீங்க, அவர் அளவை மதிக்கிறதே இல்லைன்னு? நான் உங்க பேச்சைத்தான் கேட்டேன்."

அவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

பின்கொட்டகையில் கடைசல்காரர் தன் மேலங்கியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அச்சு வார்க்கிற மாவின் தூசி படிந்த கண்ணாடியைத் துடைக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"வா தங்கச்சி. திட்ட வந்தியா? சீக்கிரம் திட்டிடு, எனக்குப் பஸ் வந்துடும்."

"அண்ணே, அது எப்படிண்ணே ரெண்டாச்சு?"

"நீ போட்டதுதானே? 'திற'ன்னு இருந்துச்சு, அமுக்கினேன். ஒண்ணும் திறக்கல. மறுபடி அமுக்கினேன். கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சு. இன்னொரு தடவையும் அமுக்கினேன். அப்புறம் டவுன்லோட்ல போய்த் தேடினா, வரிசையாக் கிடக்கு. கடைசியா வந்ததுதான் புதுசா இருக்கும்னு எடுத்தேன். பேருக்குப் பின்னால ரெண்டு இருந்துச்சு. ரெண்டாம் மேடையில ஏத்திட்டேன். ரெண்டுன்னா ரெண்டுதானே?"

"நான் ரெண்டு போடலையே!"

"அப்ப பேய் வந்து போட்டுச்சா?"

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். தபால்காரம்மாவின் பெயர் வெறுமனே ஒன்று. அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 1. அதற்கும் கீழே அடைப்புக்குறிக்குள் 2. அவளுடைய காது மறுபடி சிவந்தது. முற்றத்துக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், நீ போட்ட 'திற' திறக்குதா?"

"என்னக்கா, எடுத்த எடுப்புலயே..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"திறக்கும்னு சொல்ல முடியாதுக்கா. இறங்கும்."

"இறங்கும்னா?"

"ஒரு நகல் உன் கம்ப்யூட்டர்ல இறங்கும். அசல் அங்கயேதான் இருக்கும். மறுபடி அமுக்கினா இன்னொரு நகல். ஒரே பேர்ல ரெண்டு இருக்கக் கூடாதுன்னு பிரவுசரே பின்னால ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டுக்கும்."

அவள் பக்கத்தில் கிடந்த மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஒண்ணும் ரெண்டும் காலுடா! மனுசங்க கால்! அதுல வந்து நம்பர் போட அது யாரு?" மூச்சு வாங்கியது. திடீரென்று இன்னொன்று உறைத்தது. "அப்ப நான் திறந்து, திருத்தி, சேமிச்சு வச்சதெல்லாம்?"

"அக்கா, அது வந்து..." என்று இழுத்தான்.

"சொல்லுடா!"

"உன் கம்ப்யூட்டர்ல இறங்கினதை வரையிற புரோகிராம் தானாவே திறந்து காட்டும்க்கா. நீ அந்த நகல்லதான் சேமிச்சிருப்ப. அது உன் கம்ப்யூட்டரோட நின்னுபோயிருக்கும். அசலுக்குப் போயிருக்காது."

"இது தெரிஞ்சுமா 'திற'ன்னு எழுதின?"

"பிரவுசர்லேர்ந்து நேரா அசலைத் திறக்கணும்னா ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒரு சின்ன புரோகிராம் வைக்கணும்க்கா. அப்பத்தான் லிங்கை அமுக்கினதும் பிரவுசர் அதுகிட்ட சேதி சொல்லும், அது அசலை எடுத்து வரையிற புரோகிராம்ல திறந்து கொடுக்கும். மேனேஜர்கிட்ட சொன்னேன். 'அதெல்லாம் அப்புறம், பாக்க ஆளுங்க வர்றாங்க, இப்போதைக்குத் திற அப்படின்னு போட்டு வை'ன்னாரு. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? இங்க ஒரு மனுசன் பையைக் கட்டிட்டு நிக்கிறாரு."

"அக்கா, நீ போய் எதையும் சொல்லிடாத. என் வேலை இன்னும் நிலையாகல. அவருக்கு என்ன, வயசாச்சு. எப்படியும் இன்னும் கொஞ்ச நாள்ல வீட்டுக்குப் போறவருதானே..."

அவள் போனை வைத்துவிட்டாள். பொய் எழுதியதைக்கூடப் பொறுத்திருப்பாள் போலிருக்கிறது. 'அவருக்கு என்ன' என்றானே, அதைப் பொறுக்க முடியவில்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது கடைசல்காரரின் சைக்கிளில்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. அவளுடைய வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு சாவிக்குப் பல் அராவிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் அராவுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"பிரவுசர் மேல தப்பு சொல்ல முடியாதும்மா. யாரோ ரோட்டுல போறவன் வந்து 'இந்த வீட்டைத் திற'ன்னா நான் திறந்து விட்டுடுவேனா? வீட்டுக்காரங்க வந்து நின்னாத்தான் கை வைப்பேன். நெட்டுல இருக்கிற பக்கமெல்லாம் உன் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து பெட்டியைத் திறக்க ஆரம்பிச்சா, அப்புறம் குடித்தனம் பண்ண முடியுமா?"

"நான் பிரவுசரைத் திட்டல. திறக்காத பூட்டுல 'திற'ன்னு எழுதி ஒட்டினவனைத் திட்டுறேன்."

"ஒட்டினவன் என் மச்சானாச்சே."

"அதனாலதான் வயிறு எரியுது."

அவர் சாவியை ஊதிப் பார்த்தார். "சொன்னா தம்பி வேலை போகும். சொல்லலைன்னா அண்ணன் வேலை போகும். நீ என்ன பண்ணப்போற?"

"எனக்கென்ன தெரியும்!" என்று கத்தினாள். அவர் சாவியை வைத்துவிட்டு எழுந்தார். சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போதும் கோபம் தணியவில்லை. வழக்கமாக அவள் பொறுமையைக் கேட்பாள். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. "சாமி, இந்தக் கோபத்தை எடுத்துடாத. அந்த அறை வாசல்ல போய் நிக்கிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டாள். ஆண்டவனுக்கு எல்லா வேண்டுதலும் தெரியும். இதுவும் புதிதாக இருந்திருக்காது.

கிளம்பும்போது தம்பிக்குப் போன் செய்தாள். "நான் சொல்லப்போறேன். நீ வந்தா உன் வாயால சொல்லு. வரலைன்னா என் வாயால சொல்லுவேன். என் வாய் எப்படின்னு உனக்குத் தெரியும்." பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மேலாளர் அறையில் அவள் உட்காராமலே பேசினாள். நகல், அசல், இறங்குவது, நம்பர் போடுவது என்று தனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னாள். பாதி முன்னுக்குப் பின்னாக வந்தது.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "அம்மா, நீங்களும் அவரும் கம்ப்யூட்டரைச் சரியாப் பழகல. அதுக்குப் போய்ப் பக்கத்தைக் குறை சொன்னா எப்படி?"

"இருக்கட்டும் சார், பழகாதவதான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். 'திற'ன்னு இருந்துச்சு, படிச்சேன், அமுக்கினேன். படிச்சவங்க எழுதினதை நம்பினது என் தப்புன்னா, அந்தத் தப்புக்கு என்னை வெளியே அனுப்புங்க. அவரை ஏன் அனுப்புறீங்க?"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தம்பி நின்றிருந்தான். தலைகூடச் சீவவில்லை. அக்காவைப் பார்க்காமல் மேலாளரைப் பார்த்தே பேசினான்.

"சார், அக்கா சொல்றது சரி. அது திறக்காது. எனக்கு அப்பவே தெரியும்." ஓரடி உள்ளே வந்தான். "உங்களுக்கும் தெரியும் சார். புரோகிராம் வைக்கணும்னு நான் கேட்டேன். அப்புறம்னு சொன்னீங்க. நான் மறுபடி கேக்கல. கேட்டிருக்கணும்."

மேலாளர் மேசைமேல் இருந்த பேனாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார்.

"வாங்க, பாத்துடலாம்," என்று கடைசியில் எழுந்தார்.

மூன்று பேரும் அளவு அறைக்குப் போனார்கள். தம்பி அவளுடைய கம்ப்யூட்டரில் டவுன்லோட் என்ற இடத்தைத் திறந்தான். அவள் அதுவரை அந்தப் பக்கமே போனதில்லை. பெயர் மேல் பெயராக இறங்கிக்கொண்டே போனது. அவள் முட்டிபோட்டு மறுபடி அளந்தவர்கள், திருத்தியவர்கள், உரசுகிறது என்று வந்தவர்கள். ஒவ்வொரு காலும் அவள் சுருக்கிய அளவிலேயே அங்கே பத்திரமாகக் கிடந்தது. ஒன்றுகூடக் கடைசலுக்குப் போகவில்லை. தபால்காரம்மாவின் காலும் இருந்தது, போன வாரத்து அளவோடு. கடைசல்காரர் சரியான மேடையிலேயே ஏற்றியிருந்தாலும் அது தொளதொளவென்றுதான் வந்திருக்கும்.

"பாவி, பாவி," என்றாள் அவள். யாரைச் சொன்னாள் என்று தம்பிக்கும் தெரியவில்லை, மேலாளருக்கும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "இத்தனை பேரைப் புண்ணோட நடக்க விட்டிருக்கேன். இதை வச்சுத்தான் அந்த மனுசன் மேல புகார் சொன்னேன். என் வாய்தானே அவரை வெளியே தள்ளுச்சு."

"சரிம்மா, சரி. அவரை வரச் சொல்லி ஆள் அனுப்புறேன்," என்றார் மேலாளர்.

"ஆள் அனுப்பாதீங்க சார். வரவேண்டாம்னு சொன்னது நீங்க. வாங்கன்னும் நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல வேண்டியதை நான் சொல்றேன்."

மேலாளர் அங்கேயே நின்று போன் செய்தார். முதலில் அவர் பேசினார். கொஞ்சமாகத்தான் பேசினார், ஆனாலும் 'தப்பு எங்க மேல' என்கிற சொல் அதில் இருந்தது. பிறகு அவள் போனை வாங்கினாள்.

"அண்ணே..."

"என்ன தங்கச்சி, குரல் ஒரு மாதிரி இருக்கு? திட்டுறதுக்கு ஆள் கிடைக்கலையா?"

"அண்ணே, நான்தான் உங்களைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டு இருந்தேன்."

"அது கொட்டகை வரைக்கும் கேக்குமே. உன் குரல் என்ன சின்னக் குரலா?" பிறகு கேலியை விட்டுவிட்டுச் சொன்னார். "மனசு விட்டுப்போச்சு தங்கச்சி, பொய் சொல்ல மாட்டேன். நேத்து பஸ்ஸுல உக்காந்து யோசிச்சேன், இவகூடவா இப்படின்னு. சரி, வர்றேன். ஆனா இனிமே அதுல என்ன எழுதியிருக்கோ, அதை அது செய்யணும்."

அன்றைக்கே நீல எழுத்து மாறியது. 'திற' போய் 'நகல் இறக்கு' வந்தது. அடுத்த வாரம் முழுக்கத் தம்பி ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து அந்தச் சின்னப் புரோகிராமை ஏற்றினான். கடைசல் கொட்டகையில் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது. கடைசல்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டு, "இதை அமுக்கினா என்ன வரும்? வரலைன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் ஒன்றுக்கும் முகம் சுளிக்கவில்லை. 'திற' திரும்பி வந்த நாளில் அவர்தான் முதலில் அமுக்கினார். பிரவுசர், இந்த லிங்கை அந்தப் புரோகிராமிடம் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி கேட்டது. "கேக்குதுப்பா, மரியாதை தெரிஞ்சிருக்கு," என்றார். அசல் திறந்தது.

தபால்காரம்மாவுக்கு வேறு கால் வந்தது. பெருவிரல் இருக்க வேண்டிய பக்கம் இருந்தது. கம்பியை விட்டுவிட்டு நாலடி நடந்து திரும்பினாள். "இப்ப சரி. என் நல்ல கால் பிழைச்சுது," என்றாள். அளவுக்காரம்மா சிரிக்கவில்லை. டவுன்லோடில் கிடந்த மற்றவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, திரும்ப வரவழைக்க வேண்டியிருந்தது. சிலர் திட்டினார்கள். கேட்டுக்கொண்டாள்.

தம்பியுடன் மட்டும் பேசவில்லை. அவன் வேலை போகவில்லை. அதற்காக அவள் ஆண்டவனுக்கு நன்றியும் சொன்னாள். ஆனால் பட்டறையில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அக்கா, திற."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"எதைத் திறக்கணும்? அசலையா, நகலையா?"

"அக்கா..."

"மூணு தடவை தட்டு. வெளியே நம்பர் போட்டு மூணு தம்பி நிக்கிறாங்களான்னு பாக்குறேன்."

"ஒரே ஒருத்தன்தான்க்கா நிக்கிறேன்." அவன் குரல் இறங்கியது. "அவருக்கு என்னன்னு அன்னைக்குச் சொன்னேன்ல. அதை அவர்கிட்டயே போய்ச் சொல்லிட்டு வர்றேன். சைக்கிள்ல தூக்கிட்டு ஓடினதை மறந்துட்டியாடான்னு கேட்டாரு. வேற ஒண்ணும் சொல்லல. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாரு."

ஜன்னலோரம் இருந்த வீட்டுக்காரர் சாவியைக் கீழே வைத்தார். "நான் வேணா திறக்கட்டுமா? எனக்கு அதுதானே தொழில்," என்றார்.

"நீங்க சும்மா இருங்க," என்று அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். காது இன்னும் சிவந்துதான் இருந்தது. அப்படியே வாசலுக்குப் போய்த் தாழை இழுத்தாள்.